பெட்டிக்குள் விதை உடைக்கும் சத்தம்

அவன் பேசும்போது சத்தம் வரவில்லை. பேச்சை நிறுத்தும்போதுதான் வந்தது.

லாய் ஷாவ்வெய் அதை முதலில் கேட்டது தன் குரலையே திருப்பிப் போட்டுக் கேட்டபோது. கதையில் குட்டி நரி ஆற்றைத் தாண்டப் போகிற இடம். கேட்கிற பிள்ளைகள் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அங்கே ஓர் இடைவெளி விட்டிருந்தான், தொழில் தெரிந்தவன் விடுகிற இடைவெளி. அதற்குள் யாரோ ஒரு தர்பூசணி விதையை முன்பற்களுக்கு நடுவில் நிறுத்தி உடைத்தார்கள். டக். பிறகு உள்ளே இருப்பதை மென்று விழுங்குகிற அளவுக்கு அமைதி. மறுபடியும் டக். அவன் குரல் தொடங்கியதும் மரியாதையாக நின்றுவிட்டது.

பதிவு செய்தபோது வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை. புது வருஷத்தன்று கொறிக்க வாங்கிய தர்பூசணி விதைகளும் என்றைக்கோ தீர்ந்துவிட்டன.

தைச்சுங் நகரத்து வானொலி ஒன்றில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவன், மேலதிகாரியோடு முறைத்துக்கொண்டு வேலையை விட்டவன், இப்போது குழந்தைகளைத் தூங்கவைக்கிற கதைகளைச் செல்போன் செயலி ஒன்றுக்கு வாசித்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். படுக்கையறைத் துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே குளிர்காலப் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தியிருந்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்கும். கம்ப்யூட்டர் அலமாரிக்கு வெளியே, மேசைக்கு அடியில் இருந்தது. இத்தனை கட்டுக்காவலையும் மீறி ஒரு சத்தம் உள்ளே நுழைந்ததில் அவனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

செயலிக்காரர்கள் சார்பில் அவனோடு பேசுகிற சாவ் என்ற பெண் போன் செய்தாள்.

"லாய் சார், குரல் அருமையா இருக்கு. ஆனா பின்னாடி யாரோ கொறிச்சுக்கிட்டே இருக்காங்களே."

"கம்ப்யூட்டர் ஃபேன்மா. சரி பண்ணிடறேன்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. மேல இருக்கறவங்க கம்ப்யூட்டர் குரலே போதும்னு ஆரம்பிச்சுட்டாங்க. அது மூச்சுகூட விடறதில்லையாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமா ஒரு கதை அனுப்புங்க. இல்லேன்னா உங்களுக்காகப் பேச எனக்கு வாயே இருக்காது."

வாசிக்கிற மனிதனைவிட மூச்சு விடாத ஒன்று மேல் என்று சொன்னது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தான். கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் அந்தப் பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது.

அது அவன் மனைவி மான்லிங் வைத்தது. ஒரு வங்கியின் கணினி அறையில் அவளுக்கு வேலை. அங்கே ஆளுயர இயந்திரங்கள் ஒவ்வொன்றின் மேலும் அப்படி ஒன்று இருக்கும். தேங்காய் வாசனை போட்ட சோளப் பொரி, பிள்ளைகள் தின்பது; அதன் பேருக்கே சமர்த்து என்றுதான் அர்த்தம். பச்சை நிறப் பொட்டலம்தான் வைக்க வேண்டும், மஞ்சளோ சிவப்போ கூடாது. அதில் அச்சிட்ட தேதி தாண்டுவதற்குள் மாற்ற வேண்டும். யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. அப்படி இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்டுச் சமர்த்தாக ஓடும். பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் இதைச் சிரிக்காமல் செய்வார்கள்.

ஃபேன் காற்றில் அந்தப் பொட்டலத்தின் உறைதான் படபடக்கிறது என்று ஷாவ்வெய் முடிவு கட்டினான். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஃப்ரிட்ஜின் மேல் எறிந்தான்.

அதற்குப் பிறகு சத்தம் இடைவெளிக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டது.

வாக்கியத்துக்கு நடுவில் வந்தது. நரியின் அம்மா அழுகிற இடத்தில் வந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேனைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசு தட்டி, சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினான். டக். புது ஃபேன் வாங்கிப் போட்டான். டக். ஒயர்களை எல்லாம் சேர்த்துக் கட்டினான், பெட்டியின் காலுக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்தான், மேசையையே நகர்த்திப் போட்டான். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டுவதுபோல் ஓய்ந்திருந்து, அவன் கதவைச் சாத்திக்கொண்டு அலமாரிக்குள் உட்கார்ந்து வாயைத் திறந்ததும் தொடங்கியது. உயிரை வாங்குகிறதே என்று போர்வைகளைப் பார்த்துக் கத்தினான். போர்வைகள் அதை உறிஞ்சிக்கொண்டன.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஆகுவெய்யிடம் போனான். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். வாய் நிறையப் பாக்கைக் குதப்பிக்கொண்டே ஆகுவெய் பெட்டியைத் திறந்து ஓடவிட்டான். ஒரு சாப்பாட்டுக் குச்சியின் ஒரு முனையை ஃபேன் மேலும் மறுமுனையைத் தன் காதோரத்து எலும்பிலும் வைத்துக் கேட்டான். பிறகு டிஸ்க்கின் மேல். பிறகு பவர் சப்ளை மேல். டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பதுபோல் பொறுமையாகப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லடா. தொட்டில் பிள்ளை மாதிரி கிடக்கு."

"வீட்டுக்குப் போனா ஆரம்பிச்சுடும்."

"அப்ப வீட்டைத் தூக்கிட்டு வா, பாத்துடலாம்." சிரித்தவன் பெட்டியின் மேல்பக்கத்தைத் தடவினான். தூசுக்கு நடுவில் பொட்டலம் இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. "இங்க இருந்தது எங்க?"

"ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு."

ஆகுவெய்யின் தாடை அசைவது நின்றது. "திருப்பி வெச்சுடு."

"நீயுமா? பொரிப் பொட்டலத்தை நம்பச் சொல்றியா?"

"நான் எங்கடா நம்பறேன்? வெக்கிறேன், அவ்வளவுதான். வெச்சதை எடுத்துட்டு, அப்புறம் ஏன் இப்படிப் பண்ணுதுன்னா நான் என்ன சொல்ல?" அவன் முதுகுக்குப் பின்னால், பழுதுபார்க்க வந்த பெட்டிகளின் வரிசையில், ஒவ்வொன்றின் தலையிலும் பச்சையாக ஒன்று இருந்தது. ஷாவ்வெய்க்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கடுப்பாக இருந்தது.

குச்சியை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு பெட்டியோடு வீடு திரும்பினான்.

வியாழக்கிழமை சூறாவளிக்காக ஊருக்கே விடுமுறை விட்டார்கள். வங்கியின் இயந்திரங்களுக்கு விடுமுறை கிடையாது, அதனால் மான்லிங் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகப் பசைநாடா ஒட்டியிருந்தது. பக்கெட்டுகளில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள்.

"இன்னிக்காவது அந்தப் பொட்டலத்தைத் திருப்பி வை."

"வெச்சுடறேன்."

"நீ வெக்க மாட்டே. வீம்பு பிடிச்ச ஜென்மம். தின்னு தொலைக்காம இருந்தா சரி." செருப்பு வாரை இழுத்து மாட்டியவள் நிமிர்ந்து சிரித்தாள். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பசி தாங்காம தின்னுட்டார், தெரியுமா?"

"என்ன ஆச்சு? வயித்துப்போக்கா?"

"இல்ல. ரொம்ப அமைதியாயிட்டார். அப்புறம் வேலைக்கே வரல."

அவள் படியிறங்கிப் போன பிறகு காற்று வலுத்தது. கட்டடத்துக்கு நடுவில் இருந்த காற்றுப்போக்கி வழியாக மழை வாசனையும், யார் வீட்டிலோ பூண்டு வதக்கிய வாசனையும், நனைந்த சிமெண்ட்டின் வாசனையும் கலந்து ஏறி வந்தன. இரும்புக் கதவு ஒன்று எங்கோ அடித்துக்கொண்டே இருந்தது. இந்த இரைச்சலில் பதிவு செய்ய முடியாது, நாளைக்குள் அனுப்பியாக வேண்டும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நூடுல்ஸ் போடலாம் என்று எழுந்தபோது விளக்கு அணைந்தது.

கம்ப்யூட்டரின் ஃபேன் நீளமாக மூச்சு விட்டுக்கொண்டே மெதுவாகி நின்றது. ஃப்ரிட்ஜும் நின்றது. வெளியே காற்று ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

டக்.

மேசைக்கு அடியிலிருந்து.

ஷாவ்வெய் நின்ற இடத்திலேயே நின்றான். மின்சாரம் இல்லாத இயந்திரம். அப்படியென்றால் ஃபேன் இல்லை, டிஸ்க் இல்லை, எதுவும் சுற்றவில்லை. இத்தனை நாள் அவன் செலவழித்த புத்தியெல்லாம் வீண் என்பதுதான் முதலில் உறைத்தது. பிறகுதான் பின்கழுத்து சில்லிட்டது.

டக். மெல்லும் அமைதி. டக்.

"எலி," என்று உரக்கச் சொன்னான். செய்தி வாசிக்கிற குரலில் சொன்னான், அந்தக் குரலை எல்லோரும் நம்புவார்கள். ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து, பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தான். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். எலி இல்லை, புழுக்கை இல்லை, கடித்த ஒயர் இல்லை. இரும்பும் சூடான தூசும் கலந்த வாசனை மட்டும் வந்தது, அதற்கு அடியில் மெலிதாகத் தேங்காய் வாசனை.

குச்சியை எடுத்துக் காதில் வைத்தான். ஃபேன் மேல் வைத்தபோது டக். ஃபேனைக் கழற்றித் தாளில் வைத்தான். டிஸ்க் மேல் வைத்தபோது டக். அதையும் கழற்றினான். பவர் சப்ளை, அட்டைகள், பெரிய பலகை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெளியே எடுத்த எதிலும் சத்தம் இல்லை. உள்ளே மிச்சம் இருப்பதில்தான் எப்போதும் இருந்தது. திருகாணிகள் உருண்டன, ஒன்று கட்டிலுக்கு அடியில் போனது. எரிச்சல் தாங்காமல் அழுகை வந்தது.

பெட்டி காலி.

வெறும் தகடு. நான்கு மூலைகள். கொஞ்சம் தூசு.

குச்சியை நடுத்தகட்டில் வைத்தான்.

டக்.

காதுக்கு மிக அருகில். உமியைத் துப்புவதுபோல் ஒரு சின்னக் காற்று. பிறகு, அவன் கேட்கிறான் என்று தெரிந்துகொண்டதுபோல், நிதானமாக, அடுத்தது.

அவன் அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. இத்தனை நாள் அவன் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டது இதுதான், இது இங்கே சாவகாசமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. அந்தக் கோபம் பயத்தை ஓரமாகத் தள்ளியது. எழுந்து போய் ஃப்ரிட்ஜின் மேலிருந்து பச்சைப் பொட்டலத்தை எடுத்து வந்தான். காலிப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"இதுதானே வேணும் உனக்கு?"

டக்.

"இந்தா. பாத்துக்கோ."

உறையைக் கிழித்தான். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, அது பார்க்கட்டும் என்று மென்றான். இன்னொரு பிடி. தேங்காய் வாசனையும் பாலின் தித்திப்பும் நாக்கில் ஒட்டின. பசி வேறு. குழந்தையிடமிருந்து பிடுங்கித் தின்கிற அற்பத்தனம் தெரிந்தும் அது இனித்தது. உறையைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசித் தூள்வரை தட்டிக்கொண்டான். விழுங்கும்போது தொண்டையில் ஏதோ கொஞ்சம் கனமாக இறங்கியது. தண்ணீர் குடித்தான்.

காத்திருந்தான். காற்று ஜன்னலை உலுக்கியது. இரும்புக் கதவு அடித்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை.

குச்சி வைத்துப் பார்த்தான். தகட்டில் மழையின் அதிர்வு மட்டும்தான் இருந்தது.

ஷாவ்வெய் சிரிக்கத் தொடங்கினான். தரையில் மல்லாந்து படுத்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். சாயங்காலம் மின்சாரம் வந்தது, காற்றும் அடங்கியது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, அலமாரிக்குள் உட்கார்ந்து, முதல் வார்த்தையிலிருந்து வாசித்தான். இவ்வளவு நன்றாக அவன் வாசித்ததே இல்லை. ஆற்றங்கரையில் இடைவெளி விட்டான். வெளியே பெட்டி வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

கதை முடிந்து, பதிவை நிறுத்த எழுவதற்கு முன், சும்மா இருந்தான். அந்த அமைதியைக் கொஞ்சம் அனுபவிக்கலாம் என்று.

டக்.

போர்வைகள் அசையவில்லை.

டக்.

வெளியே வந்தான். பெட்டியின் மேல் குச்சியை வைத்தான். இல்லை. மேசையில் வைத்தான். இல்லை. சுவரில். இல்லை. குச்சியைக் காதிலிருந்து எடுத்தான்.

டக்.

குச்சியின் மறுமுனை தானாகத் திரும்பியதுபோல் அவன் பக்கம் திரும்பியது. கழுத்துக்குக் கீழே, நெஞ்செலும்பு தொடங்குகிற குழியில், அதை வைத்தான்.

வைத்துவிட்டு எவ்வளவு நேரம் அப்படியே நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மான்லிங் மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள்.

"என்ன, இப்படி வெறிச்சுப் பாத்துட்டு நிக்கறே? கம்ப்யூட்டர் சரியாச்சா?"

அவன் குச்சியை அவளிடம் நீட்டினான். "இங்க வெச்சுக் கேளு."

"பைத்தியமா உனக்கு?"

"கேளு, மான்லிங்."

அவள் அவன் நெஞ்சில் குச்சியை வைத்துக் காதைக் கொடுத்தாள். நனைந்த முடியின் வாசனை. முதலில் சிரிக்கத் தயாராக இருந்தது அவள் முகம். பிறகு இல்லை. கண்கள் மெதுவாக நகர்ந்து, தரையில் கிழிந்து கிடந்த பச்சை உறையில் போய் நின்றன.

"தின்னுட்டியா?"

அவன் தலையசைத்தான்.

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. அவள் முகத்தில் வந்தது வேலை முகம். நடு இரவில் அலாரம் அடித்தால் போன் பேசிக்கொண்டே செருப்பு மாட்டுவாளே, அந்த முகம். அவனைத் தோளைப் பிடித்து அலமாரிக்குள் போர்வைகளில் சாய்த்து உட்காரவைத்தாள். ஆபீஸ் பையைத் திறந்தாள். அதில் எப்போதும் ஒன்று இருக்கும். பச்சை. திருப்பிப் பார்த்து விளக்கு வெளிச்சத்தில் தேதியைப் படித்தாள்.

"மான்லிங், வேண்டாம். டாக்டர்கிட்டப் போலாம்."

"ஷ்ஷ். ஒண்ணும் ஆகாது. எனக்கு இதானே வேலை."

பொட்டலத்தை அவன் நெஞ்சில் வைத்தாள். மெதுவாக. முகப்பு வெளிப்பக்கம் பார்க்கும்படி. கோணலாக இருந்ததை ஒரு விரலால் நேராக்கினாள்.

சத்தம் நின்றது.

அவள் குச்சி வைத்துக் கேட்டாள். நீண்ட மூச்சு விட்டாள். "பாத்தியா? நின்னு போச்சு. இதைத்தான் முதல்லயே சொன்னேன்."

நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தான். வாய் திறக்கவில்லை. கையைத் தூக்கினான். கை மடியில் இருந்தது. சமர்த்தாக.

"தூக்கம் வருதா? சரி, தூங்கு. நாளைக்கு அந்த சாவ் கேட்டா, கதையை நானே அனுப்பிடறேன்." அவன் கன்னத்தைத் தட்டினாள். "தேதி அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள மறக்காம மாத்திடறேன்."

அவள் எழுந்து, அலமாரிக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, ஈரத் துணி மாற்றப் போனாள். அவன் பதிவை நிறுத்தியிருக்கவில்லை. மேசை மேல் திரையில் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. அவள் காலடிக்கு, சத்தத்தைக் காட்டும் கோடு துள்ளியது. குளியலறைக் கதவுக்குத் துள்ளியது. பிறகு அடங்கியது.

ஷாவ்வெய் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அவனிடம் இருந்த குரல் முழுவதையும் போட்டுக் கத்தினான். அந்தக் கத்தலுக்கு நடுவில், விலாவுக்குள், இனி அவசரம் எதுவும் இல்லாத ஒன்று அடுத்த விதையைப் பல்லில் வைத்து உடைத்தது.

திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது.